நூற்றிருபது நாள் சாட்சி

சுவாதி செத்துப் போய் இருபத்திரண்டு மணி நேரம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அந்த ரத்தப் பரிசோதனை லேபின் கண்ணாடிக் கதவு உடைந்து ஒரு நிமிஷம்!

உள்ளே ஜெயராணி மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. வயது நாற்பத்திரண்டு. பதினாறு வருஷமாக லேப் டெக்னீஷியன். ரத்தத்துக்கும் பயப்பட மாட்டாள், ரத்தக் கொதிப்புக்காரர்களுக்கும் பயப்பட மாட்டாள்.

போன் அடித்தது.

"லேப்."

"நீதான் ஜெயராணியா?"

"ஆமா. யாரு?"

"கல்லு எறிஞ்சவன்தான் பேசறேன். வெளிய வா."

வந்தாள்.

வாசலில் பதினைந்து பேர். எல்லோரும் தேவனாம்பட்டினத்துக்காரர்கள். வலை இழுத்துக் காய்த்துப் போன கைகள். முன்னால் நின்றவர் காத்தவராயன். நேற்று மத்தியானம் வரைக்கும் சுவாதியின் அப்பா.

செல்போனைக் காதிலிருந்து எடுக்காமலே பேசினார்.

"எம் பொண்ணக் கொன்னுட்டு உள்ள இன்னாடி பண்றே?"

"வாடி போடின்னா கதவச் சாத்திடுவேன்... அதையும் ஒடச்சிட்டீங்க. மரியாதையா கேளுங்க, பதில் சொல்றேன்."

"பொணம் இன்னும் கைக்கு வரல. ஒனக்கு மரியாதை வேணுமா?"

கூட்டம் ஒரு அடி முன்னால் நகர்ந்தது.

அதற்குள் போலீஸ் ஜீப் வந்துவிட்டது. சிதம்பரம் இன்ஸ்பெக்டர் தாண்டவராயன் இறங்கினார். பின்னாலேயே ஒரு ஆள். மடிப்புக் கலையாத சட்டை, நெற்றியில் திருநீறு, சிவந்த கண்கள். விஜயகுமார். சுவாதியின் புருஷன். சிதம்பரத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவன்.

இன்ஸ்பெக்டர் உடைந்த கண்ணாடியை மிதித்துக்கொண்டே உள்ளே வந்தார். உட்காரச் சொல்வதற்குள் உட்கார்ந்தார்.

"ஏம்மா, ஒம்பது நாள் முன்னாடி சுவாதி, வயசு இருபத்தாறுன்னு ஒரு ரத்தம் வந்துச்சா?"

"வந்துச்சு சார். இவருதான் ட்யூபோட கொண்டாந்து குடுத்தாரு. வீட்லயே எடுத்ததுன்னாரு."

"ரிசல்ட்?"

"ஹீமோகுளோபின் ஆறு. பன்னண்டாவது இருக்கணும். பி12 வைட்டமின் அடியோட இல்ல. அன்னிக்கே இவருக்குப் போன் பண்ணேன். ஒடனே ஆஸ்பத்திரியில சேருங்க, தலை சுத்தி எங்கியாவது விழுந்துடுவாங்கன்னு சொன்னேன்."

"சார்..." விஜயகுமாரின் குரல் கம்மியது. "போன் வந்தது நெசம். ஆனா இவங்க சொன்னது வேற. 'பி12 கொஞ்சம் கம்மி, பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல'ன்னாங்க. நம்பினேன். ஊசி போட எனக்கே தெரியும். தினம் ஒண்ணா எட்டு ஊசி போட்டேன். நேத்து ஆபீசுக்கு லீவு போட்டிருந்தா. மொட்டை மாடிக்குத் துணி காயப் போடப் போனா சார்..."

மேலே சொல்லாமல் கைக்குட்டையை எடுத்துக்கொண்டான்.

"ரிப்போர்ட்டுல ஆறுன்னு எழுதியிருக்கே. படிக்கலியா?" ஜெயராணி கேட்டாள்.

"நேத்துதாம்மா பேப்பரு கைக்கு வந்துச்சு."

"அதுவரைக்கும் நீங்கதான் வந்து வாங்கல. நாலு தடவ மெசேஜ் போட்டேன்."

இன்ஸ்பெக்டர் கையைத் தூக்கினார்.

"போன்ல நீ என்ன சொன்னே, அவரு என்ன கேட்டாருன்னு ரெக்கார்டு இல்ல. ஆஸ்பத்திரியில அந்தப் பொண்ணு ஒரு மணி நேரம் உயிரோட இருந்திருக்கு. அங்க பாத்தப்ப ஹீமோகுளோபின் அஞ்சு புள்ளி ஒம்பது. ஒன் ரிப்போர்ட்டும் அதுவும் அச்சுல வாத்த மாதிரி பொருந்துது. அப்ப சோகை நெசம். அத சரியா சொல்லாம விட்டது நீ. அலட்சியத்தால மரணம்னு கேஸ் போட இது போதும்."

ஜெயராணிக்குப் பயம்தான். வீட்டில் ப்ளஸ் டூ படிக்கிற மகள். கையில் இந்த வேலையை விட்டால் வேறு ஒன்றும் இல்லை.

உள் அறையிலிருந்து லேபின் முதலாளி டாக்டர் கோவிந்தசாமி எட்டிப் பார்த்தார். கூட்டம் கலைந்திருக்குமா என்று பார்த்துவிட்டு, கலையவில்லை என்றதும் குரலைத் தாழ்த்தினார்.

"ஜெயராணி, தப்பு என் மேலன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துடு. லேபையாவது காப்பாத்தலாம்."

"அப்ப நான்?"

"உனக்கு வேற லேப் கிடைக்கும்மா."

"ஜெயில்ல லேப் இருக்கா டாக்டர்?"

டாக்டரின் தலை ஆமைத் தலையாக உள்ளே போய்விட்டது.

விஜயகுமார் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஒரு வகையில தப்பு எங்க மேலயும் இருக்கு சார். எங்க வீடு சுத்த சைவம். மூணு வருஷமா அவளும் அதேதான். மீனு, முட்டை எதுவும் இல்ல. அதுலதான் பி12 இல்லாமப் போச்சு. நான் முன்னாடியே கவனிச்சிருக்கணும்."

"இன்னாது?"

உடைந்த கதவு வழியாகக் காத்தவராயன் உள்ளே வந்தார்.

"எவ சைவம்? எம் பொண்ணா? தோ இந்தப் பக்கத்துத் தெருவுலதான அவ ஆபீசு. தெனம் மத்தியானம் ஷேர் ஆட்டோ புடிச்சி எங்க வூட்டுக்கு வந்துடுவா. சங்கரா மீன் கொழம்பு, நண்டு வறுவல், எதுவும் இல்லாத நாள்ல சென்னாகுனி எறா தொவையலு. ஒங்க அம்மா கட்டிக் குடுத்த தயிர் சோத்த எங்க தெரு நாய்தான் தின்னுது. மூணு வருசத்துல அது கன்னுக்குட்டியாட்டம் ஊதிப் போச்சி."

சொல்லிவிட்டு அவரே அழுதார். இனி அந்த நாய்க்கும் தயிர் சோறு இல்லை.

ஜெயராணி அவரைப் பார்க்கவில்லை.

விஜயகுமாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கையில் கைக்குட்டை அந்தரத்தில் நின்றது. அரை விநாடிதான்... பிறகு மறுபடி கண்ணுக்குப் போனது. அந்த அரை விநாடியில் அவன் முகத்தில் இருந்தது துக்கம் இல்லை. கணக்கு தப்பிய பையனின் முழி!

வெங்காயம் நறுக்கினாலே குளிக்கிற வீடு அது. அந்த வீட்டுச் சோற்றைத் தின்கிறவள், வெளியே போய் நண்டை உடைப்பாள் என்று அவர்களுக்குக் கனவிலும் தோன்றியிருக்காது.

"சார், ஆஸ்பத்திரியில எடுத்த ரத்தம் மிச்சம் இருக்கா? வேற ரத்தம் ஏத்தறதுக்கு முன்னாடி எடுத்தது?"

"பிரிட்ஜ்ல இருக்கும். எதுக்கு?"

"எனக்கு வேணும். சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் டைம் குடுங்க."

"எதுக்குன்னு கேட்டேன்."

"நான் ஜெயிலுக்குப் போகணுமா, வேற யாரும் போகணுமான்னு பாக்க."

தாண்டவராயன் எழுந்தார். "ஆறு மணி. ஆறு ஒண்ணுக்கு விலங்கோட வருவேன்."

மத்தியானம் இரண்டரை. ஐஸ் பெட்டியில் ட்யூப் வந்து சேர்ந்தது. கொண்டு வந்த ஆளுக்கு ஒரு கையெழுத்து. அவ்வளவுதான், கூட்டமெல்லாம் மார்ச்சுவரிக்குப் போய்விட்டது.

காத்தவராயன் மட்டும் போகவில்லை. லேபுக்குள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நீ ஓடிட்டா?"

"ஓடணும்னா கல்லு விழுந்தப்பவே பின் கதவு வழியா ஓடியிருப்பேன்."

"இன்னா பண்ணப் போறே?"

ஜெயராணி ஃப்ரீஸரைத் திறந்தாள். மைனஸ் எண்பது டிகிரி. வெள்ளைப் புகை. டாக்டர் கோவிந்தசாமிக்கு ஒரு கிறுக்கு உண்டு. சோகை வந்தவர்களின் சிவப்பணுவுக்குள் என்சைம் எவ்வளவு என்று ஆராய்ச்சி. ஹீமோகுளோபின் ஏழுக்குக் கீழே யார் வந்தாலும், சிவப்பணுக்களைக் கழுவி, உடைத்துக் கரைசலாக்கி, சின்னக் குப்பியில் உறைய வைத்துவிட வேண்டும். அந்த ஃப்ரீஸரை அவர் மனைவி சக்களத்தி என்றுதான் சொல்வாள்.

சுவாதி என்று எழுதிய குப்பியை எடுத்தாள். ஒன்பது நாளைக்கு முந்தைய ரத்தம். இன்னொரு கையில் நேற்றைய ட்யூப்.

"ரெண்டும் ஒங்க பொண்ணு ரத்தம்னு எழுதியிருக்கு. ரெண்டுலயும் ஹீமோகுளோபின் ஆறுதான். ஆனா நேத்து அவங்க மாடியில இருந்து விழுந்து ரத்தம் கொட்டியிருக்கு. அதுக்கு மேல சலைன் ஏத்தியிருக்காங்க. யாரா இருந்தாலும் ஆறுதான் காட்டும்."

"புரியற மாதிரி சொல்லு."

"கொழம்புல பாதியக் கொட்டிட்டு தண்ணி ஊத்தினா என்னாவும்?"

"மீன் துண்டு கொறையும்."

"மிச்சம் இருக்கற துண்டு?"

"அது அதுதான். வஞ்சிரம் போட்டிருந்தா வஞ்சிரம். சீப்பான கவளையா மாறிடுமா?"

"அதேதான். ரத்தம் கொட்டினா சிவப்பணு எண்ணிக்கைதான் கொறையும். அணுவோட கொணம் மாறாது. ஆனா பி12 இல்லாம வர்ற சோகை வேற மாதிரி. எலும்புக்குள்ள அணு சரியா வேகாம, பெருசு பெருசா வெளிய வரும். அந்த அணுவுக்குள்ள என்சைம் ஜாஸ்தியா இருக்கும். ஜி6பிடின்னு ஒண்ணு. சாதாரணமா எட்டு, ஒம்பது. இந்தச் சோகையில அதுக்கு டபுள் போவும்."

"ஊசி போட்டேன்றானே. கொணமாயிருந்தா?"

ஜெயராணி முதல் தடவையாக அவரை மரியாதையோடு பார்த்தாள். கல் எறிந்த கைக்கு மேலே ஒரு மூளையும் இருந்தது.

"ஒரு சிவப்பணுவுக்கு ஆயுசு நூத்தி இருவது நாளு. சோகையில கொஞ்சம் கொறையும். அதுக்காக ஒம்பது நாள்ல அத்தனையும் செத்து, புதுசா மாறிடாது."

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். கையில் கிளவுஸ்.

"மேடம், விஜயகுமார் பேசறேன்." குரலில் இப்போது கம்மல் இல்லை. "லெட்டர்ல கையெழுத்துப் போட்டுடுங்க. நானே கேஸ வாபஸ் வாங்கிக்கறேன்."

"எதுக்கு எம் மேல இவ்ளோ அக்கறை?"

"எதுக்கு சும்மா பழைய ரத்தத்தையெல்லாம் கிளறிக்கிட்டு... உங்க பொண்ணு ப்ளஸ் டூதானே? தினம் நெல்லிக்குப்பம் பஸ்ல போயிட்டு வருதுல்ல. கரும்பு லோடு ட்ராக்டரா போற ரோடு மேடம் அது. பாத்துப் போகச் சொல்லுங்க."

லைன் கட்டாகிவிட்டது.

ஜெயராணி ரத்தம் உறிஞ்சும் பிப்பெட்டைக் கீழே வைத்தாள். பத்து எண்ணினாள். மறுபடி எடுத்தாள்.

காத்தவராயன் ஸ்டூலிலிருந்து எழுந்து தன் செல்லில் யாரையோ கூப்பிட்டார்.

"மச்சான், ரெண்டு பேரு பைக்க எடுத்துக்கிட்டு நெல்லிக்குப்பம் ரோட்டுக்குப் போங்கடா. ஒரு ஸ்கூல் புள்ள. நம்ம தங்கச்சி பொண்ணு. வூட்டாண்ட எறங்கற வரைக்கும் பஸ்ஸு பின்னாலயே வரணும்."

போனை மடியில் செருகிக்கொண்டு, உடைந்த கதவைப் பார்த்தபடி சொன்னார்: "நீ வேலையப் பாரு தங்கச்சி."

ஐந்து நாற்பது. மெஷின் இரண்டு எண்களைத் துப்பியது.

ஒன்பது நாளைக்கு முந்தைய குப்பி: பத்தொன்பது.

நேற்றைய ட்யூப்: எட்டு.

ஏழு மணிக்கு ஜீப் சிதம்பரத்தில், கோயிலுக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், விஜயகுமாரின் வீட்டு முன்னால் நின்றது. ஜெயராணியோடு காத்தவராயனும் வந்திருந்தார். வர வேண்டாம் என்று சொல்ல இன்ஸ்பெக்டருக்கே தைரியம் இல்லை.

வாசலில் செம்பருத்திச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள் திலகவதி. விஜயகுமாரின் அம்மா. அறுபதைத் தொடுகிற வயது. போலீஸைப் பார்த்ததும் முகம் சுளித்து உள்ளே திரும்பினாள். படியேறும்போது வலது காலின் ரப்பர் செருப்பு கழன்று படியிலேயே நின்றுவிட்டது. அவளுக்குத் தெரியவில்லை. இடது செருப்போடு நடு வீட்டுக்கே போய்விட்டாள்.

ஜெயராணி அந்த ஒற்றைச் செருப்பைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எதுக்கு இவள கூட்டிக்கிட்டு வந்தீங்க?" திலகவதி ஆரம்பித்துவிட்டாள். "சாவு விழுந்த வீட்ல கண்டவளும் வந்து நிக்கறதா? போனவ நல்லவளா இருந்தா இந்த வீட்டுக்கு இந்த கதி வருமா? அவ விழுந்தப்ப எம் புள்ள எம் பக்கத்துல ஒக்காந்து சாப்ட்டுக்கிட்டு இருந்தான். எத்தன தடவ சொல்றது?"

"ஒரு சந்தேகம்மா. முடிச்சிட்டுப் போயிடறோம்." தாண்டவராயன் விஜயகுமாரைப் பார்த்தார். "ரெண்டு ரத்தமும் ஒரே ஆளோடது இல்லன்னு இந்தம்மா சொல்லுது. பத்தொம்போது, எட்டுன்னு என்னமோ கணக்கு."

விஜயகுமார் சிரித்தான். துக்க வீட்டில் சிரிக்கக் கூடாது என்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டான்.

"சார், நானும் பார்மசி படிச்சவன்தான். முதல்ல பத்தொம்போது, அப்ப சோகை. அப்புறம் எட்டு, அப்ப குணமாயிடுச்சு. எட்டு ஊசி போட்டேனே. ஊசி வேலை செஞ்சிருக்குன்னு இவங்களே நிரூபிச்சிட்டாங்க."

இன்ஸ்பெக்டர் ஜெயராணியைப் பார்த்தார். மடக்கிவிட்டானே என்ற பார்வை.

"பரீட்சையில பாஸ் பண்ணிட்டீங்களா அதுல?" ஜெயராணி கேட்டாள். "பி12 ஊசி போட்டா அஞ்சாம் நாள்ல இருந்து என்ன நடக்கும்? எலும்புக்குள்ள இருந்து இளசு அணுவா கொட்டும். இளசு அணுவுலதான் இந்த என்சைம் ரொம்ப ஜாஸ்தி. பழசும் இன்னும் சாகல, புதுசும் சேந்துக்கும். நெசமாவே நீங்க ஊசி போட்டிருந்தா பத்தொம்போது இன்னும் மேல ஏறியிருக்கும். எட்டுக்கு எறங்காது."

விஜயகுமார் கைக்குட்டையைத் தேடினான்.

"சுவாதிக்கு சோகையே இல்ல சார். தெனம் மீன் சாப்ட்ட பொண்ணு. சோகைக்காரின்னு ஒரு பேப்பர் வேணும், அப்பதான் மாடியில இருந்து விழுந்தா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. இந்த ஊர் லேபுல எல்லாருக்கும் இவரையும் தெரியும், இவரு வீட்டையும் தெரியும். அதனால கடலூர் வந்தாரு. ஆனா ட்யூபுல இருந்தது வேற ஒருத்தர் ரத்தம்."

"யாரோடது?"

ஜெயராணி பதில் சொல்லாமல் திலகவதியின் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, ஒங்க செருப்பு எங்க?"

திலகவதி குனிந்து பார்த்தாள். ஒரு காலில் செருப்பு. ஒரு காலில் இல்லை. நடு வீட்டில் செருப்போடு நிற்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"கால்ல எவ்ளோ நாளா மரப்பு?"

"அது... வயசானா வர்றதுதான்னு எம் புள்ள சொன்னான்."

"நாக்கு எரியுதா? நாலு படி ஏறினா மூச்சு வாங்குதா?"

"ஆமா. அதுவும் வயசுன்னான்."

"ஒங்க ரத்தம் எப்ப எடுத்தாரு?"

"அம்மா, நீ பேசாம இரு," விஜயகுமார் பல்லைக் கடித்தான்.

திலகவதி பேசாமல் இருக்கவில்லை. "மூணு மாசம் முன்னாடி பாண்டிச்சேரியில எடுத்தாங்க. ஒண்ணும் இல்லேன்னான். அப்புறம் இவனே சுகர் பாக்கணும்னு எடுத்தான். ஒரு பத்து நாளாவுது. அதுலயும் ஒண்ணும் இல்லேன்னான்."

ஜெயராணி பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"பேருதான் சுவாதி. மீதியெல்லாம் நீங்க. டி.என்.ஏ. எடுத்தா இதையேதான் சொல்லும், மெதுவா சொல்லும். ஒங்களுக்கு ஹீமோகுளோபின் ஆறு. பி12 இல்ல. ஊசி போட்டா கொணமாகற வியாதி. போடாம விட்டா நடை போவும், அப்புறம் ஹார்ட்டு போவும். மூணு மாசமா ஒங்க புள்ளைக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"ஒங்களுக்கு வைத்தியம் பாத்திருந்தா ரத்தம் சரியாயிருக்குமே. கெட்ட ரத்தத்துக்கு அவரு எங்க போவாரு? அதான் கெடட்டும்னு விட்டுட்டாரு."

திலகவதி ரிப்போர்ட்டைப் படிக்கவில்லை. மகனைத்தான் படித்தாள்.

"பெட்டி பெட்டியா ஊசி வாங்கியாந்தியேடா. எட்டு நாளும் ஒடச்சியே. நான் பாத்துக்கிட்டுதான இருந்தேன். அதுல ஒண்ணு... ஒரே ஒண்ணு எனக்குப் போடத் தோணலியா?"

"அம்மா..."

"சார்." திலகவதி இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள். குரலில் ஒரு பிசிறு இல்லை. "அவ விழுந்தப்ப இவன் எம் பக்கத்துல இல்ல. மாடியில இருந்தான். எறங்கி வந்து தட்டுல சோத்தப் போட்டுப் பெசஞ்சிக்கிட்டு, 'நான் சாப்ட்டுக்கிட்டு இருந்தேன்னு சொல்லு'ன்னான். எங்க அண்ணன் பொண்ண இவனுக்குக் கட்டணும்னு எனக்கும் ஆசை, இவனுக்கும் ஆசை. அதான் பொய் சொன்னேன். சுவாதி கத்தினது எங்காதுல விழுந்துச்சு. அதையும் சேத்து எழுதிக்குங்க."

விஜயகுமார் வாசல் பக்கம் பாய்ந்தான்.

வாசலில் காத்தவராயன் நின்றார். அடிக்கவில்லை. கையை மட்டும் பிடித்தார். பிடித்த இடத்தில் ஏதோ மளுக்கென்றது.

"வஞ்சிரத்த எடுத்துட்டுக் கவளைய வச்சா, மீன்காரனுக்குத் தெரியாதாடா?" என்றார்.

ஜெயராணிக்குக் கண் நிறைந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைக் கூட அவள் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் ஒரு ட்யூப் ரத்தம். நல்ல ரத்தம். எட்டு, ஒன்பது என்று இன்னும் ஐம்பது வருஷம் ஓடியிருக்க வேண்டிய ரத்தம்.

விலங்கு மாட்டும் சத்தம். அம்மாவுக்கும் பிள்ளைக்கும் சேர்த்து.

"எனக்கு ஊசி?" ஜீப்பில் ஏறும்போது திலகவதி கேட்டாள்.

"ஜெயில் ஆஸ்பத்திரியில போடுவாங்க. அது சைவ ஊசிதான், கவலப்படாதீங்க," என்றார் தாண்டவராயன். பிறகு விஜயகுமாரின் பிடரியைத் தட்டினார். "ஆமா, ஒடச்ச எட்டு ஊசியையும் என்னடா பண்ணே?"

"வாஷ் பேசின்ல ஊத்திட்டேன் சார்."

ஜெயராணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அத ஒண்ணும் பண்ணாதீங்க சார். இந்த வீட்லயே பி12 குறையில்லாம இருக்கறது அந்த வாஷ் பேசின் ஒண்ணுதான்!"